நாற்பது நாள் இறைச்சியை விட்டும் ஏன் எதுவும் மாறவில்லை?

நீங்கள் எழுதியதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சிறுவயதிலிருந்தே லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், வீட்டில் கறி சமைப்பதில்லை, ஆனால் ஈஸ்டர் முடிந்ததும் எல்லாரும் பழையபடியே இருக்கிறோம், இதனால் என்ன பயன் என்பது ஒன்று. குடிப்பழக்கம் உள்ள உங்கள் அப்பா லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று நிறுத்திவிட்டு, ஈஸ்டர் அன்று மாலையே மறுபடி தொடங்கிவிடுகிறார், இதைப் பக்தி என்பதா, ஏமாற்று என்பதா என்பது இரண்டாவது. லெந்து என்பதே வேதத்தில் இல்லை என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் உங்கள் நண்பர் சொல்கிறாரே என்பது மூன்றாவது. இவற்றுக்கு நடுவே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: குடியாத்தத்தில் உங்களோடு வேலை செய்பவர்கள் சபரிமலைக்கு மாலை போட்டால் நடையும் பேச்சும் மாறுகின்றன, ரமலான் நோன்பு இருப்பவர்களிடமும் ஒரு தெளிவு தெரிகிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை? உங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றை விட்டுவிடுவதால் மனிதன் வளர்வானா என்று கேட்கிறீர்கள்.

வேலூர் வட்டாரத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பல ஆண்டுகள் ஆயராக இருந்தவன் நான். இறையியல் கல்லூரியில் சபை வரலாற்றை விரும்பிப் படித்தேன். இந்த இரண்டின் துணையோடுதான் எழுதுகிறேன். மருத்துவமும் குடிநோய்ச் சிகிச்சையும் என் துறை அல்ல. உங்கள் அப்பாவைப் பற்றி நான் எழுதும் இடத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதி சரி. லெந்து காலத்தை அனுசரிக்கும்படி வேதாகமத்தில் கட்டளை கிடையாது. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசித்தார், ஆனால் சீஷர்களிடம் நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மலைப்பிரசங்கத்தில் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று தொடங்குகிறார். அவர்கள் உபவாசிப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்; எந்த மாதம், எத்தனை நாள் என்ற பேச்சே இல்லை. நாட்களை விசேஷமாக எண்ணுகிறவரும் எண்ணாதவரும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார். லெந்து அனுசரிக்காத உங்கள் நண்பர் உங்களைவிட எந்த விதத்திலும் குறைந்த கிறிஸ்தவர் அல்ல.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1522இல் சூரிச் நகரத்தில் ஓர் அச்சுக்கூடக்காரர் வீட்டில் லெந்து காலத்தில் சாசேஜ் சாப்பிட்டார்கள் என்று பெரிய விவகாரம் எழுந்தது. அங்கே இருந்தும் தான் சாப்பிடாத சீர்திருத்தப் போதகர் ஸ்விங்லி, உணவு விஷயத்தில் கிறிஸ்தவனுக்கு விடுதலை உண்டு என்று பிரசங்கித்தார். வட ஆற்காட்டுக்கு இதில் சம்பந்தம் உண்டு. 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், டச்சுக்காரர்கள் வழியில் வந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. ஸ்விங்லி, கால்வின் போன்றவர்களின் மரபில் வந்த அந்தச் சபை லெந்து உபவாசத்தை யார்மீதும் சட்டமாகச் சுமத்தியதில்லை. அந்த மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையாரோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். சாம்பல் புதனைக் கண்டிப்பாக அனுசரித்தவர்களும் அதைப் பெரிதுபடுத்தாதவர்களும் அன்று ஒரே குடும்பமானார்கள். இன்று நம் சபைகளுக்குள்ளேயே இரண்டு மனப்போக்கும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வேதம் கட்டளையிடாத இந்தக் காலம் எங்கிருந்து வந்தது? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் ஐரேனியு எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து, ஈஸ்டருக்கு முன் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் உபவாசித்தார்கள் என்று தெரிகிறது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 5ஆம் விதி, ஆண்டுக்கு இருமுறை கூடவேண்டிய ஆயர்களின் மன்றங்களில் ஒன்று "நாற்பது நாட்களுக்கு" முன்பு கூடட்டும் என்கிறது. எந்த நாற்பது என்று அது விளக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது போலும். இந்த இரண்டுக்கும் இடையில் ஓரிரு நாள் எப்படி நாற்பதாக நீண்டது என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எகிப்தில் இயேசுவின் ஞானஸ்நானத் திருநாளை ஒட்டி இருந்த வேறொரு உபவாசம் இடம் மாறி வந்தது என்பது ஒரு கருத்து. ஈஸ்டருக்கு முந்தைய ஆயத்த நாட்களே படிப்படியாகக் கூடின என்பது மற்றொன்று. அந்த வழக்கு முடியாமலே கிடக்கட்டும். 4ஆம் நூற்றாண்டில் இந்தக் காலம் யாருக்காக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறக் காத்திருந்தவர்களுக்காகவே அது இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கிறிஸ்தவனாக விரும்பியவர் சில இடங்களில் மூன்று ஆண்டுகள்வரை உபதேசம் கேட்டார். கடைசி வாரங்களில் அவர் பெயரைப் பதிவுசெய்து, தினமும் கற்பித்து, விசுவாசப் பிரமாணத்தை வாய்ப்பாடமாகச் சொல்ல வைத்து, அவர் வாழ்க்கை எப்படியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பெரும்பாவத்தில் விழுந்து சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களும் அதே வாரங்களில் திரும்பி வருவதற்கு ஆயத்தமானார்கள். இப்படி ஆயத்தமாகி, 387இல் மிலான் நகரத்தில் ஆயர் அம்புரோசின் கையால் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவர்தான் அகுஸ்தீன். இவர்களோடு மற்றச் சபையாரும் சேர்ந்து உபவாசித்தார்கள். இதற்கும் பழைய வேர் உண்டு. மிகத் தொடக்கக் காலச் சபை ஒழுங்கு நூல் ஒன்று, ஞானஸ்நானம் கொடுப்பவரும் பெறுபவரும் "முடிந்த மற்றவர்களும்" முன்னதாக உபவாசிக்கட்டும் என்று சொல்கிறது. அந்த "மற்றவர்கள்" ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். தங்களுக்காக உபவாசிக்க அவர்களுக்கு அன்று தேவையில்லை. புதிதாக வரும் ஒருவருக்குத் துணையாக அவர்கள் பசித்திருந்தார்கள்.

பிற்பாடு குழந்தை ஞானஸ்நானம் பொதுவழக்கானது. ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறப் பெரியவர்கள் இல்லாமல் போனார்கள். காலம் மட்டும் நின்றது. யாருக்காக உபவாசம் என்பது மறந்துபோய், எதைச் சாப்பிடக்கூடாது என்பது முன்னால் வந்து நின்றது. 1963இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், தவக்காலத்துக்கு மனந்திரும்புதலோடு ஞானஸ்நானத்தை நினைப்பதும் ஆயத்தப்படுத்துவதும் உரியது என்று எடுத்துச் சொல்லவேண்டி வந்ததே, அது எவ்வளவு மறந்துபோயிருந்தது என்பதைக் காட்டுகிறது. இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. லெந்து கால வளர்ச்சி என்று நான் எதையாவது நம்பிச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: ஞானஸ்நானத்தில் நமக்குக் கொடுக்கப்பட்ட வாழ்க்கைக்கு, இன்னொருவரின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவது. நீங்கள் தனியாகக் கறியை விட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை, வேறொருவரும் வரவில்லை. மாற்றம் தெரியாததற்கு உங்கள் பக்தியின் குறைவு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய ஓர் ஒழுங்கின் சின்னத் துண்டு மட்டும் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் இயேசு பேசுகிறார். நம் ஊரில் மூன்றாவதை வைத்துக்கொண்டு முதலாவதைக் கைவிட்டோம். 2ஆம் நூற்றாண்டு ரோமாபுரியில் எழுதப்பட்ட நூல் ஒன்று, உபவாச நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு என்று நேராகச் சொல்கிறது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஒதுக்கும் பணம் இந்த ஆறேழு வாரங்களில் எங்கே போகிறது? பெரும்பாலும் ஈஸ்டர் பிரியாணிக்கே போய்ச் சேர்கிறது. விருந்து தவறு என்று நான் சொல்லவில்லை. உயிர்த்தெழுதலுக்கு விருந்து வேண்டும்தான். ஆனால் உங்கள் உபவாசத்தால் ஒருவருக்காவது வயிறு நிறைந்ததா என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அது உணவைத் தள்ளிவைத்தது மட்டுமே. ஏசாயா 58 இன்னும் கூர்மையாகப் பேசுகிறது: உபவாச நாளிலும் வேலையாட்களை நெருக்குகிறீர்களே என்று கேட்கிறது. பீடி சுற்றும் பெண்களும் தீப்பெட்டித் தொழிலாளரும் நெசவாளரும் நிறைந்த உங்கள் ஊரில் இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்குச் சம்பளப் பாக்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

மற்ற மதத்தவரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் பொறாமைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். 2026இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18 அன்று வந்தது. மறுநாள் நம் நாட்டில் ரமலான் நோன்பு தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்கள் இரண்டையும் அருகருகே பார்த்திருப்பார்கள். சூரியன் மறைந்ததும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறக்கிறார்கள், கஞ்சியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறார்கள், ஏழைக்குச் சேரவேண்டிய ஜகாத்தை அந்த மாதத்தில் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர் பலர். மாலை போட்டவரை ஊரே சாமி என்று அழைக்கிறது. அந்த அழைப்பே அவரை நிமிர்த்தி நடக்க வைக்கிறது. இரண்டிலும் மனிதன் தனியாக விடப்படுவதில்லை. அந்த வழக்கங்களின் பொருளை அவர்களே சொல்லவேண்டும், நான் விளக்கம் சொல்லத் தகுதியானவன் அல்ல. கூட்டாகச் செய்வதன் பலத்தை மட்டும் நாம் அவர்களிடம் பார்த்து, நம்மிடமும் ஒரு காலத்தில் இருந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவு, மனிதருக்குத் தெரியவேண்டாம் என்று இயேசு சொன்ன அதே பகுதியைச் சாம்பல் புதனன்று வாசித்துவிட்டு, நெற்றியில் சாம்பலோடு வெளியே வருகிறோம். முந்தைய ஆண்டுக் குருத்தோலையை எரித்த அந்தச் சாம்பலைப் பூசி, "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று சொல்லும்போது, ஆயருக்கும் சபையாருக்கும் ஒரே வார்த்தைதான். என் கருத்தில் சாம்பல் பொதுவானது, ஏனென்றால் சாவு பொதுவானது; அதில் பெருமைக்கு இடமில்லை. நான் எதை விட்டேன், எத்தனை வேளை பட்டினி கிடந்தேன் என்பது அந்தரங்கம். இரண்டையும் குழப்பி, விட்டதை ஊருக்குச் சொல்லிச் சாம்பலைத் துடைத்துக்கொள்பவர்கள் உண்டு. வேறுவிதமாக நினைக்கும் ஆயர்களும் இருக்கிறார்கள். இதில் கடைசி வார்த்தை என்னுடையது அல்ல.

இனி உங்கள் அப்பா. அவரைப் போன்றவர்களைச் சபையில் கேலியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதில்லை. தினமும் குடிக்கும் ஒருவர் கர்த்தரை நினைத்து நாற்பது நாளுக்கு மேல் நிறுத்துகிறார் என்றால், அது ஏமாற்று அல்ல. அவருக்குள் ஏதோ ஒன்று இன்னும் தேவனுக்கு முன் தலைகுனிகிறது. ஆனால் மத்தேயு 12இல் இயேசு சொன்ன வீட்டை நினைத்துப் பாருங்கள். அசுத்த ஆவி வெளியேறிய பிறகு வீடு பெருக்கப்பட்டு, அலங்கரிக்கப்பட்டு, காலியாக இருக்கிறது. போனது திரும்பி வந்து பார்த்து, வேறு ஏழு ஆவிகளையும் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. வீடு அசுத்தமாக இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை, காலியாக இருந்தது என்றே இருக்கிறது. உங்கள் அப்பா மாலை ஏழு மணியை எப்படிக் கழிக்கிறார்? முன்பு கூடக் குடித்தவர்களை விட்டுவிட்டார். அவர்களுக்குப் பதிலாக யார் அவரோடு உட்கார்ந்து பேசுகிறார்கள்? வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தால் அவரை நம்பி ஒரு வேலை கொடுக்கிறார்களா, பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்களா? நான் பார்த்தவரையில், நாற்பது நாளைத் தாண்டி நின்றவர்களின் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். தியானக் கூட்டங்களின் எண்ணிக்கைக்கு அந்தப் பலம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. நீண்ட காலமாகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முந்தைய ஆண்டுகளில் அப்படி ஏதாவது வந்திருந்தால், சாம்பல் புதனுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அங்கே போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜெபம் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள். உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள் இருந்தால் உபவாசத்துக்கும் இதே பேச்சு பொருந்தும். மார்ச் மாத வேலூர் வெயிலில் தண்ணீரையும் விட்டுவிட்டுக் கிடக்கச் சொல்லும் விதி நம் மரபில் எங்கும் இல்லை. கத்தோலிக்கச் சட்டத்திலேயே, ஒருசந்தி (ஒருவேளை முழு உணவோடு இருக்கும் உபவாசம்) கட்டாயமான நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. அதுவும் 18 வயதிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை எண்ணினால் 46 நாள். ஆறு ஞாயிறுகளும் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் அவற்றைக் கழித்து 40. சாப்பிட்டால் குற்றமில்லை, 46 நாளும் விட்டாலும் தவறில்லை. இதற்காக வீட்டில் சண்டை மட்டும் வேண்டாம்.

வளர்ந்தோமா என்று எப்படித் தெரியும்? லூக்கா 13இல் காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன எஜமானிடம் தோட்டக்காரன், இன்னும் ஓர் ஆண்டு விடுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான். கொத்துவதும் எருவிடுவதும்தான் நம் பங்கு. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுலும் எழுதுகிறார். நாற்பது நாளில் விளைச்சலை அளந்து பார்க்கும் கருவி எந்த ஆயரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனாலும் ஒன்றை நான் கவனித்து வந்திருக்கிறேன். சொத்துத் தகராறிலோ கல்யாணத் தகராறிலோ பேச்சை நிறுத்திவிட்டு, ஒரே ஆலயத்தில் இரண்டு பக்கத்து பெஞ்சுகளில் ஆண்டுக்கணக்கில் உட்காரும் குடும்பங்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்களில் எல்லாரும் லெந்து காலத்தில் கறியை விடுவார்கள். ஒருவர் எழுந்து போய் மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அபூர்வம். கதவைத் தட்டியவரிடம் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, அவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே தட்டியிருந்தாலும்கூட.

ஆகவே அடுத்த லெந்துக்கு உங்களுக்கு நான் சொல்வது இது. கறியை விடுவதைத் தொடருங்கள், அதன் பணத்தை வாரந்தோறும் தனியாக எடுத்து வைத்து, யாருக்குப் போகிறது என்று முன்பே முடிவுசெய்து கொடுத்துவிடுங்கள். அப்பா விடும் அதே நேரத்தில் நீங்களும் உங்களுக்குக் கடினமான ஒன்றை விட்டு, அதை அவருக்காகவே செய்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். பழைய சபை "மற்றவர்களும்" என்று சொன்னதன் பொருள் உங்கள் வீட்டுக்குள்ளேயே அவருக்குத் தெரியட்டும். இரவில் பத்து நிமிடம் ஒரே சங்கீதத்தை இருவரும் சேர்ந்து வாசித்தால் போதும். ஈஸ்டர் அன்று மாலைக்கு இப்போதே திட்டம் வையுங்கள். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28, பெந்தெகொஸ்தே திருநாள் மே 16. ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே வரையுள்ள ஐம்பது நாள் லெந்தைவிட நீளமானது. ஆரம்பச் சபையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் தாங்கள் பெற்றுக்கொண்டதன் பொருளை விளக்கும் போதனை ஈஸ்டருக்குப் பிறகுதான் நடந்தது. நாமோ ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் ஆலயக் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். உங்கள் ஆயரிடம் பேசுங்கள். ஈஸ்டர் மாலையில் அப்பா தனியாக இல்லாதபடி இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஐம்பது நாளுக்கும் வாரத்தில் ஒரு மாலை அப்படி இருக்கட்டும். இதைச் சாம்பல் புதனுக்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நாற்பதோடு நிறுத்தப்போவதில்லை என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நீங்கள் விட்டதை விடாமல் இருங்கள்.